கும்பிட்டு வாங்கிய சம்பளம்

1

இந்த மார்ச்சோடு நான் இந்தப் பல்கலைக்கழகத்தில் வேலைக்குச் சேர்ந்து பதினாறு வருடம் முடிந்தது. கனடாவில், வருடத்தில் ஐந்து மாதம் பனி மூடிக்கிடக்கும் ஒரு ஊர். வேதியியல் துறையின் ரசாயனக் கிடங்கில் எனக்கு வேலை. ஆராய்ச்சி மாணவர்கள் சீட்டைக் கொண்டுவந்து நீட்டுவார்கள். நான் புட்டியை எடுத்துக் கொடுத்து, கையெழுத்து வாங்கிக்கொண்டு, அலமாரியைப் பூட்டுவேன். பட்டாசுக்காரி மகள் எந்தத் தேசத்துக்குப் போனாலும் மருந்துக்குப் பக்கத்தில்தான் நிற்பாள் என்று என் தங்கை மாரி கேலி செய்வாள்.

பதினாறு வருடத்துக்குச் சட்டையில் குத்திக்கொள்ள ஒரு வில்லை தந்தார்கள். அதே வாரத்தில் பணியாளர் துறையின் வழக்கமான மின்னஞ்சலும் வந்தது. உங்கள் ஊதியத்தையும் சலுகைகளையும் பற்றி என்ன நினைக்கிறீர்கள் என்று வருடத்துக்கு ஒருமுறை கேட்பார்கள். ஐந்து வட்டங்கள் இருக்கும். 'மிகவும் அதிருப்தி' என்று தொடங்கி 'மிகவும் திருப்தி' என்று முடியும். இத்தனை வருடமும் கடைசி வட்டத்தைத் தட்டிவிட்டு, டீ ஆறுவதற்குள் அனுப்பிவிடுவேன். இந்த முறை பல நாள் அது திரையில் திறந்தபடியே கிடந்தது. பெயர்கூடப் போட வேண்டாத கேள்வித்தாள்தான். ஆனாலும் கை போகவில்லை. அதற்குக் காரணம் எங்கள் சொந்த ஊரான ஆமத்தூரில் இருந்தது.

மாரியும் பல்கலைக்கழக ஊழியர்தான். சாத்தூரைத் தாண்டி, ஒரு பல்கலைக்கழகத்தின் உறுப்புக் கல்லூரியில் பதினோரு வருடமாக வணிகவியல் நடத்துகிற கௌரவ விரிவுரையாளர். அந்த வேலையில் பெயரில் மட்டும்தான் கௌரவம். தொகுப்பூதியம், அதுவும் மே மாதம் கிடையாது. பி.எஃப். இல்லை, மருத்துவம் இல்லை. ஒவ்வொரு ஜூனிலும் பட்டியலில் பெயர் வந்தால் வேலை, வராவிட்டால் வீடு. மாப்பிள்ளை வீட்டார் வந்து உட்கார்ந்ததும் "பெர்மனென்டா?" என்றுதான் கேட்டார்கள். ஆகட்டும், ஆகட்டும் என்று தள்ளிப்போட்டதில் அவளுக்கு நாற்பது வயதாகிவிட்டது. அம்மாவும் அவளும் ஆமத்தூரில் இருக்கிறார்கள்.

வில்லை வந்த வாரம், சனிக்கிழமை காலையில் மாரி கூப்பிட்டாள். அங்கே சாயங்காலம்.

"அக்கா, திங்கக்கிழமையில இருந்து காலேஜ் வாசல்ல உக்காரப் போறோம். சம்பளம் கூட்டணும், மே மாசத்துக்கும் சம்பளம் வேணும், பெர்மனென்ட் பண்ணணும்னு. எல்லாரும் வாராக. அம்மா போகக் கூடாதுங்குது."

"உக்காந்தா என்ன ஆகும்?"

"ஜூன்ல பேரு வராமப் போகலாம்."

"அம்மா முடிவா என்னதான் சொல்லுது?"

"பெரியவ என்ன சொல்றாளோ அதான்னு சொல்லிருச்சு. நீ சொல்லு, நான் போகவா வேண்டாமா?"

அப்பா இறந்ததிலிருந்து எங்கள் வீட்டில் அப்படித்தான். அதிலும் வெளிநாட்டில் சம்பாதிக்கிறவள் சொன்னால் அப்பீல் கிடையாது. நான் யோசிக்கக்கூட இல்லை. போக வேண்டாம் என்றேன்.

2

அப்படிப் பட்டென்று ஏன் சொன்னேன் என்பது புரிய வேண்டுமானால், இங்கே சம்பளத்தைப் பற்றி எப்படிப் பேசிக்கொள்வார்கள் என்று ஊரில் இருக்கிற உங்களுக்குச் சொல்ல வேண்டும்.

நம் பக்கத்தில் பஸ்ஸில் அருகே உட்கார்ந்தவர்கூட எந்த ஊரு, எத்தனை பிள்ளை என்று தொடங்கி மூன்றாவது கேள்வியில் சம்பளம் எம்புட்டு என்று வந்து நிற்பார். இங்கே பத்து வருடம் ஒரே மேசையில் சாப்பிட்டவரிடம் அதைக் கேட்டால் அநாகரிகம். ஆனால் சம்பளம் தருகிறவரைக் குறை சொல்வதில் இவர்களுக்குக் கூச்சமே கிடையாது. நாமோ ஊருக்கெல்லாம் சம்பளத்தைச் சொல்லுவோம், குறையை மட்டும் முதலாளியிடம் சொல்ல மாட்டோம். இங்கே மதியச் சாப்பாட்டு அறையில் தினமும் இதே பேச்சுத்தான். விலைவாசி ஏறிய அளவுக்குச் சம்பளம் ஏறவில்லை, பல் வைத்தியத்துக்குத் தருவது போதவில்லை, மூக்குக்கண்ணாடி இரண்டு வருடத்துக்கு ஒன்றுதான். நிரந்தர வேலையில் இருக்கிற ஒரு பேராசிரியர் கார் நிறுத்தும் கட்டணத்துக்காக ஒரு முழு மதியம் புலம்பினார். நான் தயிர்சாதத்தைப் பார்த்தபடி, இவர்களுக்கெல்லாம் கொழுப்பு என்று மனதுக்குள் திட்டிக்கொண்டிருந்தேன்.

எனக்கு எல்லாமே தானமாகத்தான் தெரிந்தது. சேர்ந்த புதிதில் மருத்துவக் காப்பீட்டுப் படிவம் ஒன்று தந்தார்கள். உங்களைச் சார்ந்திருப்போர் யார் என்ற இடத்தில் கணவர், கைக்குழந்தையாக இருந்த மகள் நிலா, அம்மா, மாரி என்று நான்கு பேரை எழுதினேன். அலுவலகப் பெண் கனிவாகச் சிரித்து, உங்களோடு ஒரே வீட்டில் இருப்பவர்கள் மட்டும் என்று சொல்லி, கடைசி இரண்டு பெயரையும் அடித்தாள். அம்மாவை அடித்த பேனாவுக்கும் ஒரு நன்றி சொல்லிவிட்டுத்தான் வந்தேன்.

இரண்டாவது குளிர்காலத்தில் ஊழியர் சங்கம் வேலைநிறுத்தம் செய்தது. பக்கத்து மேசைக்காரி லிண்டா, எனக்கு இந்த வேலையை அ, ஆவிலிருந்து சொல்லிக் கொடுத்தவள், கோரிக்கை அட்டையைப் பிடித்துக்கொண்டு பனியில் வாசலில் நின்றாள். முதல் நாள் என்னைப் பார்த்ததும், "வா, வந்து நில். கையுறை தடிமனானது வைத்திருக்கிறேன்" என்றாள். எனக்குக் குறை ஒன்றும் இல்லை என்று சொல்லிவிட்டு உள்ளே போனேன். அதன் பிறகு ஐந்து வாரம், தினமும் தலையைக் குனிந்துகொண்டு அவர்களைத் தாண்டிப் போய் வேலை பார்த்தேன். என் சம்பளம் முழுசாக வந்தது. லிண்டாவுக்கு வரவில்லை.

கடைசியில் ஒப்பந்தம் ஆயிற்று. எல்லோருக்கும் சம்பளம் கூடியது. பல் வைத்தியம் வந்தது. ஊழியர்களின் பிள்ளைகளுக்கு இங்கே படிக்கக் கட்டணம் இல்லை என்ற ஏற்பாடும் அதில்தான் வந்தது. கூடின சம்பளத்தை முதன்முதலாகப் பார்த்த அன்று நான் என்ன செய்தேன் என்பதை இத்தனை வருடமும் யாரிடமும் சொன்னதில்லை. ரவா லட்டு பிடித்து, எவர்சில்வர் டப்பாவில் அடுக்கி, துறைத்தலைவர் அறைக்குக் கொண்டுபோய், இரண்டு கையாலும் நீட்டி, "ரொம்ப நன்றி சார்" என்றேன்.

அவர் கதவைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "இது நான் கொடுத்ததில்லை. இதை வாங்கித் தந்தவர்கள் வெளியே நின்றார்கள்" என்றார். மரியாதைக்காக ஒரு லட்டை எடுத்துக்கொண்டார்.

திரும்பி வந்து லிண்டாவிடம் டப்பாவை நீட்டினேன். எதற்கு என்று கேட்டாள். சொன்னேன். அவள் எடுத்துக்கொள்ளவில்லை. அதன் பிறகு வெகுகாலம் புட்டிகளைப் பற்றியும் சீட்டுகளைப் பற்றியும் மட்டுமே என்னோடு பேசினாள். பந்திக்கு முந்து, படைக்குப் பிந்து என்று நம் ஊரில் கேலியாகச் சொல்வதை நான் அட்சரம் பிசகாமல் செய்திருக்கிறேன். அப்போது அது உறைக்கவில்லை. நன்றி சொல்வது ஒரு குற்றமா என்று எனக்குக் கோபம்தான் வந்தது.

3

நன்றி சொல்வதை நான் படித்த இடம் வெம்பக்கோட்டை ரோட்டில் இருந்த ஒரு பட்டாசுக் கம்பெனி. அம்மா அங்கே கம்பி மத்தாப்பு ஷெட்டில் இருபத்திரண்டு வருடம் வேலை பார்த்தாள். காலையில் கம்பெனி வேன் வரும். சாயங்காலம் முகத்திலும் முடியிலும் வெள்ளிப் பொடி மினுங்க வந்து இறங்குவாள். சனிக்கிழமை வாரச் சம்பளம், தீபாவளிக்குச் சில நாள் முன்னால் போனஸ்.

போனஸ் போடும் நாளில் பிள்ளைகளையும் கூட்டிப்போகலாம். சீசன் முடிந்து கடைசி லோடும் போயிருக்கும். ஷெட்டெல்லாம் கழுவி வெறிச்சென்று கிடக்கும். முதலாளி ஆபீஸ் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்க, கணக்குப்பிள்ளை பேர் வாசிப்பார். மற்றவர்கள் வலது கையால் கவரை வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டு, அடுத்து சேலைப் பொட்டலத்துக்குக் கை நீட்டுவார்கள். அம்மா அப்படிச் செய்ய மாட்டாள். கவரை இரண்டு கையாலும் ஏந்தி, கண்ணில் ஒற்றி, நெஞ்சோடு அணைத்துக்கொள்வாள். சேலையை வாங்கிக்கொள்ள என்னை முன்னால் தள்ளுவாள்.

"பேச்சியம்மா மாதிரி மரியாதை தெரிஞ்ச பொம்பளை இந்தக் கம்பெனியிலயே கிடையாதுய்யா" என்று முதலாளி ஒருமுறை கணக்குப்பிள்ளையிடம் சொன்னார். சேலைப் பொட்டலத்தோடு நின்ற எனக்கு அன்று முழுக்கப் பெருமை தாங்கவில்லை.

அம்மா உபதேசம் செய்கிறவள் இல்லை. எல்லாம் நானே பார்த்துப் படித்துக்கொண்டதுதான். சாப்பிடும்போது தட்டைவிட்டுக் கண்ணை எடுக்க மாட்டாள். சோற்றுக்குத் தருகிற மரியாதை என்று நினைத்தேன். கொதிக்கிற சட்டியைத் துணி இல்லாமல் இறக்குவாள். பேச்சி கைக்குச் சூடே தெரியாது என்று தெருவில் வியப்பார்கள். உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்று பள்ளிக்கூடத்தில் படித்தபோது எனக்கு அம்மா கவர் வாங்குவதுதான் நினைவுக்கு வந்தது.

4

இப்போது அந்தச் சனிக்கிழமைக்கு வருகிறேன். போக வேண்டாம் என்று சொன்னதோடு நான் நிறுத்தவில்லை. அவளைச் சமாதானப்படுத்துவதாக நினைத்துக்கொண்டு அடுத்த தப்பைச் செய்தேன்.

"உனக்கு என்ன குறை மாரி? அந்தச் சம்பளம் எம்புட்டோ, அம்புட்டையும் மாசாமாசம் நான் போட்டுவிடுறேன்."

"வேலையை விட்டுரச் சொல்றியா?"

"வேலைக்கும் போ. சண்டை மட்டும் வேண்டாம். வர்றதை வாங்கிக்கிட்டு இரு. பத்தாததுக்கு நான் இருக்கேன்."

"அப்ப எனக்கு நீ போனஸ் போடப் போற."

"அப்படி இல்லடி."

"அப்படித்தான்க்கா. வருஷா வருஷம் நான் உன்கிட்ட ரெண்டு கையையும் நீட்டணும். நான் யாருகிட்டயும் பிச்சைக்குப் போகலை. பதினோரு வருஷம் பாடம் நடத்தியிருக்கேன், அதுக்குக் கேக்கப் போறேன். உன்கிட்ட ரூவா கேட்டனா? போகவா வேண்டாமான்னுதான கேட்டேன்?"

போனை வைத்துவிட்டாள். மாரி என்னிடம் அப்படிப் பேசியதே இல்லை. அவளை நான்தான் படிக்கவைத்தேன், அதனால் எனக்கு அதிகமாகவே வலித்தது. ஒரு மணி நேரம் அவளைத் திட்டிக்கொண்டு வீட்டைக் கூட்டினேன்.

5

மறுநாள் அம்மாவே கூப்பிட்டாள். வீடியோவில் அவள் முகம் எப்போதும் பாதிதான் தெரியும். நெற்றியும் ஒரு கண்ணும் தெரிந்தன.

"என்னத்தடி சொன்ன அவகிட்ட? நேத்துல இருந்து சோறு திங்காமக் கிடக்கா."

"நீ சொன்னதைத்தாம்மா நானும் சொன்னேன். வேண்டாம்னு."

"நான் பயந்துபோய்ச் சொன்னேன். நீ எதுக்குச் சொன்ன?"

"நம்ம வீட்டுல சோறு போடுற கையை எதுத்துப் பேசுற பழக்கம் இல்லையேம்மா. நீ போனஸ் கவரைக் கண்ணுல ஒத்தி வாங்குனதைப் பாத்து வளந்தவ நான்."

திரையில் முகம் விலகி அவளுடைய வலது கை வந்தது.

"இந்தக் கையில நாலு விரலுக்கு உணர்ச்சி கிடையாது. உனக்குத் தெரியுமா?"

எனக்குத் தெரியாது. நான் மூன்றாம் வகுப்பு படிக்கும்போது ஷெட்டில் ஒரு பொறி விழுந்து அம்மாவுக்கு முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை வெந்தது தெரியும். ஒரு மாதம் வேலைக்குப் போகவில்லை. கேட்டால், ஆறிப்போச்சு என்பாள்.

"தோலு ஆறுச்சு. விரலு மரத்தது மரத்ததுதான். ஒரு பொருளப் பிடிச்சிருக்கனா, விட்டுட்டனான்னு கண்ணால பாத்தாத்தான் தெரியும். ஒத்தக் கையில கவரை வாங்கி அது நழுவிருச்சுன்னு வையி, கணக்குப்பிள்ளை பாத்துருவாரு. விரலு செத்தவளை யாரு மருந்துகிட்ட உக்கார விடுவா? இடது கையால வாங்குனா மரியாதை இல்லம்பாக. அதான் ரெண்டையும் சேத்து நீட்டுனேன். பிடிக்கிறது இடது, வலது சும்மா கூட நிக்கும்."

"கண்ணுல ஒத்துனியே?"

"முகத்துல பட்டாத்தான் கவரு கையில இருக்குன்னு நம்பிக்கை வரும்."

ஏன் யாரிடமும் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"யாருகிட்டச் சொல்ல? நஷ்ட ஈடுன்னு ஒண்ணு கேக்கலாம்னு எல்லாம் முடிஞ்ச பெறகுதான் ஒருத்தி சொன்னா. உங்க அப்பாவும் இல்ல. ரெண்டு பொட்டப் பிள்ளைகளப் படிக்கவைக்கணும். வேலை போயிரும்னு வாயைப் பொத்திக்கிட்டேன். முதலாளி நல்லவருன்னே வையி, வாயத் தொறந்து சொல்லாம அவருக்கு எப்படித் தெரியும்? அழுத பிள்ளைதான் பால் குடிக்கும். நான் அழலை. அவளாச்சும் அழட்டும். நான் சொன்னா நம்ப மாட்டா, நீ சொல்லு."

பயத்தை நான் மரியாதை என்று படித்திருக்கிறேன். தட்டைப் பார்த்தே சாப்பிட்டதும், கொதிக்கிற சட்டியை வெறுங்கையால் இறக்கியதும் வரிசையாக நினைவுக்கு வந்தன. அத்தனை வருடம் மத்தாப்புத் தட்டுக்குப் பக்கத்தில், தொட்டது தெரியாத விரல்களோடு உட்கார்ந்திருக்கிறாள். நான் சேலைப் பொட்டலத்தோடு பெருமைப்பட்டுக்கொண்டு நின்றிருக்கிறேன். அம்மா பார்த்துக்கொண்டிருக்கும்போதே அழுதேன்.

பிறகு மாரியிடம் போனைக் கொடுக்கச் சொன்னேன். வேலைநிறுத்தத்தில் நான் உள்ளே போனதையும் லட்டு கொண்டுபோனதையும் அவளிடம் சொன்னேன்.

"இம்புட்டு வருஷமா சொல்லவே இல்லையேக்கா" என்றாள்.

"இப்பச் சொல்றேன். நீ போ" என்றேன்.

6

கல்லூரி வாசலில் சாமியானா போட்டு மூன்று வாரம் உட்கார்ந்தார்கள். நான்காம் நாள் அம்மாவும் போய்விட்டாள். வெயிலில் எதற்கு என்று நான் சத்தம் போட்டதற்கு, "உக்காந்திருந்தாப் போதுமாம்டி, வேற ஒண்ணும் செய்ய வேண்டாமாம். இம்புட்டு லேசுன்னு தெரிஞ்சிருந்தா நானும் அப்பவே உக்காந்திருப்பேன்" என்றாள். பந்தலில் இருந்த பிள்ளைகள் சிரித்தது போனில் கேட்டது. என்னால் சிரிக்க முடியவில்லை.

அந்த வாரம்தான் லிண்டாவிடம் போனேன். அடுத்த வருடம் ஓய்வு பெறப் போகிறாள். புட்டிகளில் சீட்டு ஒட்டிக்கொண்டிருந்தாள். அன்றைக்கு நான் உள்ளே போனது தப்பு என்றேன்.

"தப்புதான்" என்றாள். பரவாயில்லை, விடு என்று சொல்வாள் என எதிர்பார்த்துப் போயிருந்தேன் போலிருக்கிறது, நின்றுகொண்டே இருந்தேன். அவள் இன்னொரு சீட்டை உரித்தபடி கேட்டாள்: "உன் மகளுக்கு இங்கே கட்டணம் இல்லாமல் இடம் கிடைத்துவிட்டதா?"

"கிடைத்துவிட்டது."

"நல்லது. அதற்குத்தான் நின்றோம்" என்றாள்.

நிலாவிடம் சொன்னதுதான் கஷ்டமாக இருந்தது. அவளுக்கு ஆமத்தூர் என்பது போனில் தெரியும் ஒரு பச்சைச் சுவர். ஆச்சியிடம் "நல்லா இருக்கீங்களா" என்பதற்கு மேல் அவளுக்குத் தமிழ் ஓடாது. ஆனால் நியாயம் அநியாயம் எல்லாம் கறாராகப் பேசுவாள். புத்தகப் பையில் ஊழியர் சங்கத்தின் வில்லையைக் குத்திக்கொண்டு திரிகிறவள். நான் சொல்லி முடித்ததும் ஆங்கிலத்தில் ஒரே ஒரு வாக்கியம் சொன்னாள். "லிண்டாவின் இடத்தில் நான் இருந்திருந்தால் உன்னோடு பேசியே இருக்க மாட்டேன், அம்மா." பிறகு மாடிக்குப் போய்விட்டாள். இரண்டு நாள் கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னாள். இந்த ஊரில் பிறந்த பிள்ளைக்கு, நான் பயந்த பயம் எந்த ஊர்ப் பயம் என்று எப்படி விளங்கவைப்பேன்?

கேள்வித்தாளைக் கடைசி நாளில் அனுப்பினேன். நடு வட்டத்தைத் தட்டினேன். கீழே இருந்த பெட்டியில், எங்கள் கட்டடத்தைக் கூட்டும் பெண்களை வெளி ஒப்பந்தத்தில் எடுத்ததிலிருந்து அவர்களுக்கு இந்தச் சலுகை ஒன்றுகூடக் கிடையாது என்று எழுதினேன். யார் படித்தார்கள் என்று தெரியாது.

7

ஜூனில் பட்டியல் வந்தது. அன்று விடிந்ததும் நானே மாரியைக் கூப்பிட்டேன்.

"சம்பளம் கூட்டிட்டாகக்கா" என்றாள். "மே மாசத்துக்கு இன்னும் ஒண்ணும் சொல்லலை. பெர்மனென்ட் பத்திப் பரிசீலிக்கிறோம்னு சொல்லியிருக்காக. சம்பளம் கூடிருச்சு."

"உன் பேரு?"

"இல்லக்கா. முன்னால நின்னு பேசுனவக நாலஞ்சு பேரோட பேரும் இல்ல."

வங்கிச் செயலியைத் திறக்க விரல் தானாகப் போனது. திறக்கவில்லை. இந்த முறை அவள் கேட்கட்டும் என்று இருந்தேன். அவள் கேட்கவில்லை. சாத்தூரில் ஒரு தனியார் கல்லூரியில் விசாரித்திருக்கிறாளாம். சம்பளம் இதைவிடக் குறைவு. அம்மா பந்தலுக்குப் போன களைப்பில் இன்னும் கால்வலி என்று படுத்திருக்கிறாளாம்.

"வாசல் பக்கமே வராதவங்க இருந்தாங்களே, அவங்களுக்கும் கூட்டியிருக்காங்களா?"

"எல்லாருக்கும்தான்க்கா. பேரு இருக்கிற அம்புட்டுப் பேருக்கும்."

"உனக்கு அவங்க மேல கோவமே வரலையா மாரி?"

தெருவில் ஒரு மினி பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு போனது கேட்டது.

"கோவப்பட்டா உன்கிட்ட எப்படிக்கா பேச முடியும்?" என்றாள்.